முள் கால் பங்கில் நின்றது, இன்ஜின் கொதித்தது

என்னுடையது 1997 மாடல் டீசல் வேன். கல்யாண வீடுகளுக்குச் சமையல் பாத்திரம் ஏற்றிப் போவது அதன் பிழைப்பு, என் பிழைப்பும் அதுதான். சென்ற சித்திரையில் வால்பாறையில் ஒரு கல்யாணம். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். அணையைப் பார்க்க எல்லோரும் வண்டியை நிறுத்தும் 9ஆவது வளைவில் நானும் நிறுத்தினேன், ஆனால் வேடிக்கை பார்க்க அல்ல. முன்பக்கம் முழுக்க ஆவி. டாஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளோ கால் பங்கைக்கூடத் தாண்டவில்லை!

கூட வந்த பையன் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனான். கையைத் தட்டிவிட்டேன். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்தால் முகத்தில்தான் அடிக்கும். பாத்திரங்களை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, இன்ஜின் ஆறியபின் தண்ணீர் ஊற்றி மெல்ல இறங்கினேன்.

பொள்ளாச்சியில் எலக்ட்ரீஷியன் செய்தது எளிய வேலை. தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சாரின் ஒற்றை வயரைக் கழற்றி, சாவியைப் போட்டு, இன்ஜின் இரும்பில் தொட்டார். முள் சிவப்புக்குப் பாய்ந்தது. ஆக வயரும் மீட்டரும் சரி. பிறகு இன்ஜினைச் சூடாக்கி மல்டிமீட்டர் வைத்தார். சென்சாரின் முனைக்கும் அதன் உடம்புக்கும் இடையே மின்தடை 240 ஓம். அதே முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே 600க்கு மேல். சூடு ஏற ஏற ஓம் குறைய வேண்டிய சென்சார் இது; ஓம் கூடுதலாகத் தெரிந்தால் மீட்டர் அதைக் குளிர் என்றே படிக்கும்.

அப்போதுதான் நினைவு வந்தது. ஒரு மாதம் முன்பு சென்சார் மரையில் தண்ணீர் கசிகிறது என்று ஒரு பட்டறையில் வெள்ளை டேப் சுற்றினார்கள். பிரித்து எண்ணினேன், ஏழு சுற்று. அந்த மரை வழியாகத்தான் சென்சாருக்கு எர்த், அதாவது மின்சாரம் இன்ஜின் இரும்புக்குத் திரும்பும் வழி; டேப் அதை மறித்திருந்தது. டேப்பை எடுத்துவிட்டு, மரையைத் தேய்த்து, புதிய செம்பு வாஷர் போட்டதும் முள் நடுவுக்கு வந்தது.

கொதித்ததற்குக் காரணம் வேறு. மேல் ஹோஸ் கை வைக்க முடியாத சூடு, ரேடியேட்டரின் கீழ்ப்பாதியோ வெதுவெதுப்பு. குழாய்களில் போர் தண்ணீரின் உப்பு அடைத்திருந்தது. போதாததற்கு, "நம் ஊர் வெயிலுக்கு எதற்கு" என்று எவரோ தெர்மோஸ்டாட்டையே, அதாவது தண்ணீர் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வையே, எடுத்திருந்தார்கள். என் இன்ஜினில் அது திறக்கும்போது பைபாஸ் வழியை அடைக்கும். அது இல்லாததால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பிக்கொண்டிருந்தது. 82 டிகிரி தெர்மோஸ்டாட் வாங்கி, நூலில் கட்டி, வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, அது திறப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பொருத்தவிட்டேன்.

ஓசூரிலிருந்து ஒருவர்:

அண்ணா, என் கதை நேர்மாறு. பெங்களூருக்குப் பூ ஏற்றும் வேன். பகலில் முள் ஒழுங்காக இருக்கும், இரவில் சிவப்பைத் தொடும். இரண்டு முறை சென்சார் மாற்றினேன், பணம்தான் போனது. ஒருநாள் கவனித்தால், ஹெட்லைட்டைப் போட்டதும் டீசல் முள்ளும் சேர்ந்து ஏறுகிறது. விளக்குப் போட்டால் டீசல் கூடுமா என்ன? டாஷ்போர்டின் எர்த் வயர் நுனியில் துரு. இரண்டு மீட்டருக்கும் மின்னழுத்தத்தைச் சீராக்கும் கருவி ஒன்றே, அதற்கும் எர்த் அந்த வயர்தான் என்பதால் இரண்டும் சேர்ந்தே பொய் சொல்லியிருக்கின்றன.

மதுரையிலிருந்து ஒருவர்:

முள் சிவப்புவரை ஏறி, சட்டென்று இறங்கினால் மகிழ வேண்டாம். நான் மகிழ்ந்தேன். கீழ் ஹோஸ் கிழிந்து தண்ணீர் முழுக்கப் போயிருந்தது, சென்சார் வெறும் காற்றில் நின்றிருந்தது. இன்னும் 6 கிலோமீட்டர் ஓட்டினேன். இன்ஜினின் மேல்பாகமான ஹெட் வளைந்துவிட்டது. ஓசூர் தம்பி, அந்த எர்த் வயர் எந்த இடத்தில் இருந்தது?

ஓசூரிலிருந்து:

என் வண்டியில் கிளட்ச் மிதிக்கு மேலே, ஸ்டீயரிங் தண்டுக்கு இடப்புறம், 10 எண் ஸ்பேனர் போல்ட். டார்ச் இல்லாமல் தெரியாது அண்ணா. முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.