சாயல்குடி கடற்கரை: 0.6 எம்பிபிஎஸ் அப்லோடில் திருவிழா நேரலை முடியுமா?

கடலோரன்:
சாயல்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஊர். கோயில் திருவிழாத் திருப்பலியையும் தேர்ப்பவனியையும் யூடியூபில் நேரலையாகக் கொடுக்க வேண்டும். வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். ஃபைபர் இல்லை. 4ஜி ஹாட்ஸ்பாட்டில் டவுன்லோடு 6 எம்பிபிஎஸ், அப்லோடு 0.6தான். பழைய ஐ3 லேப்டாப்பில் ஓபிஎஸ் (நேரலை அனுப்பும் மென்பொருள்) இருக்கிறது. 720பி வைத்தால் சுற்றிக்கொண்டே நிற்கிறது.

அலைவரிசை:
முடியும் சகோ, ஆனால் 720பி வேண்டாம். போன் அனுப்பும் சக்தி அதிகபட்சம் 0.2 வாட்தான், டவர் தூரமாக இருந்தால் முதலில் அடிவாங்குவது அப்லோடு. போனைப் பாடகர் மாடி ஜன்னலில், டவர் பக்கம் பார்த்து, வெயில் படாமல் வையுங்கள். யாருக்கும் நம்பர் தெரியாத சிம் போடுங்கள். வோல்டி (4ஜியிலேயே அழைப்பு பேசும் வசதி) இல்லாத போனில் அழைப்பு வந்தால் நெட் அறுந்துவிடும்.

ஓபிஎஸ்ஸில் 426×240, 15 ஃபிரேம், சிபிஆர் (பிட்ரேட், அதாவது விநாடிக்கு அனுப்பும் தரவு அளவு, மாறாமல் இருக்கும் முறை), வீடியோ 280 கேபிபிஎஸ், ஆடியோ மோனோ 64, கீஃபிரேம் 2 விநாடி. இவ்வளவு சின்னப் படத்துக்கு ஐ3 தாராளம். ப்ரீசெட்டை (வீடியோவைச் சுருக்கும் வேகம்) 'வெரிஃபாஸ்ட்'டிலிருந்து 'மீடியம்' ஆக்குங்கள், அதே பிட்ரேட்டில் படம் தெளியும். பிட்ரேட் குறைவு என்று யூடியூப் எச்சரிக்கும், விட்டுவிடலாம். மொத்தம் 344 கேபிபிஎஸ், மணிக்குச் சுமார் 155 எம்பி. உங்கள் அப்லோடு 600 கேபிபிஎஸ்; மிச்சத்தைத் தொடாதீர்கள்: திருவிழா இரவில் ஊரே அந்த ஒரு டவரில்தான் தொங்கும்.

முக்கியமாக, யூடியூப் ஸ்டுடியோவில் 'ஆட்டோ ஸ்டாப்'பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் லைன் கொஞ்ச நேரம் அறுந்தாலே நேரலை முடிந்ததாகிவிடும், பார்ப்பவர்களுக்குப் புது லிங்க் அனுப்ப வேண்டியிருக்கும்.

பாம்பன் ஒளி:
பிட்ரேட்டைத் தின்பது கடல்தான். அலை, ஆடும் பனையோலை, மினுக்கும் சீரியல் லைட் எல்லாம் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுவதால் 280 கேபிபிஎஸ் அதற்கே போய், சாமியார் முகம் கட்டம் கட்டமாக உடையும். பீடத்துக்குப் பின்னால் வெறும் சுவர் வரும்படி வையுங்கள். ட்ரைபாட் கட்டாயம்; ஜூம் கூடாது. இருட்டில் வரும் புள்ளி இரைச்சலும் பிட்டைத் தின்னும், ஒரு எல்ஈடி விளக்கு கூடுதலாகப் போடுங்கள்.

தேர்ப்பவனிக்குக் கேமராவோடு பின்னால் நடக்காதீர்கள். தெருமுனையில் நிறுத்துங்கள், தேர் தானாக வரட்டும்.

சத்தத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். படம் நின்றாலும் பாட்டும் மறையுரையும் கேட்டால் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கச்சான் காற்றில் கேமரா மைக் வெறும் இரைச்சலைத்தான் பிடிக்கும். மைக் செட்காரரிடம் மிக்சரின் லைன் அவுட் கேளுங்கள். அதை லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் செருகினால் சத்தம் கிழியும். லைன் இன் உள்ள யூஎஸ்பி சவுண்டு கார்டு வழியாக எடுங்கள்.

கடலோரன்:
ஸ்பீட் டெஸ்டை நம்பலாமா?

அலைவரிசை:
பாதிதான். அது பெரும்பாலும் பல இணைப்புகளில் சில விநாடிகள் அளக்கும். ஓபிஎஸ் ஒரே இணைப்பில் மணிக்கணக்கில் அனுப்ப வேண்டும். திருவிழாவுக்கு முந்தைய நவநாள் மாலையில் அதே நேரத்தில், 'பிரைவேட்' நேரலையாக அரைமணி ஓட்டிப் பாருங்கள். ஓபிஎஸ்ஸின் ஸ்டாட்ஸில் நெட்வொர்க் டிராப் (லைன் போதாமல் விடுபடும் ஃபிரேம்) ஏறினால் வீடியோவை 220க்கு இறக்குங்கள். என்கோடிங் லேக் (லேப்டாப் சுருக்கத் திணறுவது) ஏறினால் ப்ரீசெட்டை மட்டும் ஒருபடி வேகமாக்குங்கள். லேப்டாப்பில் அந்த வைஃபையை 'மீட்டர்டு' என்று குறித்துவிடுங்கள், விண்டோஸ் அப்டேட் நடுவில் புகாது.

தீவுக்காரன்:
இதையே தனுஷ்கோடிப் பக்கம் செய்பவர்கள் நெட்வொர்க் தேர்வை 'ஆட்டோ'வில் விடாதீர்கள். அரிச்சல்முனையில் போன் இலங்கை டவரைப் பிடித்துவிடும். ரோமிங் இல்லாவிட்டால் டேட்டா அப்படியே நிற்கும். உங்கள் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்துப் பூட்டுங்கள்.