ஏழடிப் பாதையை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கரிப்புகை:

இங்கிலாந்தின் டிட்காட் ரயில்வே மையத்துக்குப் போய்வந்ததிலிருந்து ஒரு விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனிக்கு ஏழடி அகலப்பாதை போட்ட பொறியாளர் பிரூனல் யார், அந்த அகலப்பாதைக்கும் மற்றவர்களின் குறுகல் பாதைக்கும் நடந்த கேஜ் (தண்டவாள இடைவெளி) சண்டை என்ன என்றெல்லாம் இந்தக் குழுவில் விளக்க வேண்டியதில்லை. நேராக வருகிறேன்.

அங்கே அந்த அகலப்பாதையில் ஓடிய ஃபயர் ஃபிளை எஞ்சினின் நகல் நிற்கிறது, 2005-இல் கட்டி முடித்தது. ஓட்டுநர் நிற்கும் தட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கூரை இல்லை. முன்னால் காற்றுத் தடுப்பு இல்லை. பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு, அவ்வளவுதான். இதே இனத்தைச் சேர்ந்த இக்ஸியான்தான் 1845 டிசம்பரில், எந்தப் பாதை மேல் என்று ஆராய அரசு அமைத்த கேஜ் கமிஷனுக்காக, லண்டன் பேடிங்டனுக்கும் டிட்காட்டுக்கும் இடையே ஓடி, மணிக்கு 60 மைலைத் தொட்டது. டிசம்பர் மாதம், இங்கிலாந்துக் குளிர், தலைக்குமேல் வெறும் வானம்! இன்னொரு உறவுக்கார எஞ்சினான ஃபிளெகதான்தான் 1842 ஜூன் 13 அன்று விக்டோரியா அரசியை முதன்முதலாக ரயிலில் ஏற்றிக்கொண்டு ஸ்லோவிலிருந்து லண்டன் வந்தது. ஓட்டியவர் கம்பெனியின் எஞ்சின் பிரிவுத் தலைவர் டேனியல் கூச், பக்கத்தில் பிரூனல். கூச்சுக்கு அப்போது வயது 25. நான் அந்த வயதில் வேலை தேடிக்கொண்டிருந்தேன்.

எஞ்சினைவிட என்னை உலுக்கியது கீழே கிடந்த பாதைதான். 7 அடி ¼ அங்குலம் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். நடுவில் நின்று பார்த்தபோதுதான் உறைத்தது: ஒரு தண்டவாளத்தின் மேல் ஒரு காலும் மறுதண்டவாளத்தின் மேல் மறுகாலும் வைத்து எந்த மனிதனாலும் நிற்க முடியாது. அத்தனை பெரிய சக்கரங்களை வைத்துக்கொண்டு, அத்தனை வேகமாகவும் ஆடாமலும் ஓடிய ஒன்றை எப்படி மனம் வந்து பிடுங்கிப் போட்டார்கள்? இதற்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

காட்பாடிக்காரன்:

தம்பி, பதில் நீங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததே! அதே வளாகத்தில் ஒரு சரக்கு மாற்றுக் கொட்டகை இருக்கிறது. கொட்டகையின் ஒருபுறம் ஏழடிப் பாதை, மறுபுறம் சாதாரணப் பாதை, நடுவில் மேடை. மகளைப் பார்க்க இங்கிலாந்து வந்தபோது மருமகன் கூட்டிப் போனார். எல்லாரும் எஞ்சினுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த மேடையை விட்டு நகரவில்லை.

என் தகப்பனார் காட்பாடியில் சரக்குக் கணக்கு எழுதியவர். அங்கே பிராட் கேஜும் விழுப்புரம் போகும் மீட்டர் கேஜும் சந்திக்கும். ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்றுவது என்றால் என்ன என்று சிறுவயதில் பார்த்திருக்கிறேன். சாக்குக் கொக்கி குத்திய இடத்தில் பருப்பு ஒழுகும். அதை வாரி எடுக்கப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். பானை வந்தால் பாதி ஓடு. குறைந்த எடைக்கு யார் பொறுப்பு என்று கடிதப் போக்குவரத்து மாதக்கணக்கில் நடக்கும். டிட்காட் மேடையில் நின்றபோது அந்தப் பருப்பு வாசனைதான் வந்தது.

குளோஸ்டரில் 1844 முதல் இதுதான் கதை. பிரிஸ்டலிலிருந்து வருவது அகலம், பர்மிங்ஹாம் போவது குறுகல். மூட்டை, முடிச்சு, கோழி, குழந்தை எல்லாம் இறங்கி ஏற வேண்டும். கமிஷன் கணக்கெடுத்தபோது அகலப்பாதை வெறும் 274 மைல், மற்றது ஏறக்குறைய 1,900 மைல். வேகத்தில் பிரூனல் ஜெயித்தார், கணக்கில் தோற்றார். புதிய பாதைகள் பொதுவாகக் குறுகலாகவே இருக்க வேண்டும் என்று 1846-இல் சட்டம் வந்தது.

டல்ஹௌசி பிரபு அந்த ஆண்டுகளில் லண்டனில் வர்த்தக வாரியத் தலைவர். இந்தக் கூத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அதனால்தான் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்ததும் ஒரே கேஜ் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் கேட்டது 6 அடி, கடைசியில் முடிவானது 5 அடி 6 அங்குலம். 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட வண்டி அந்தப் பாதையில்தான் போனது. 1870-இல் வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில் சிக்கனம் என்று மீட்டர் கேஜைக் கொண்டுவந்து அந்தப் பிடிவாதத்தைப் பாழாக்கினார்கள். என் தகப்பனாருக்கு வேலை கிடைத்ததே அதனால்தான் என்பது வேறு விஷயம்.

கரிப்புகை:

ஐயா, பருப்புக் கதை அருமை. ஆனால் குளோஸ்டர் சாட்சியத்தை அப்படியே நம்பாதீர்கள். கமிஷனர்கள் பார்வையிட வந்த அன்று, ஏற்கெனவே மாற்றி முடித்த சரக்கையும் மறுபடி இறக்கிப் போட்டுக் கலவரம் காட்டியதாக அங்கிருந்த சரக்கு அதிகாரியைப் பற்றியே ஒரு கதை உண்டு. பெண் பார்க்க வரும் நாளில் வீட்டை அலங்கரிப்பார்கள், இவர்கள் அலங்கோலப்படுத்தியிருக்கிறார்கள்.

காட்பாடிக்காரன்:

ஒரு நாள் நாடகம் ஆடியிருக்கலாம். மற்ற நாட்களில் சுமை தூக்கியவனின் முதுகு வலியும் நாடகமா?

ஸ்விண்டன் மருமகள்:

இருவரும் சற்றுப் பொறுங்கள். என் கோபம் வேறு.

ஸ்விண்டன் ஸ்டீம் அருங்காட்சியகத்தில் நார்த் ஸ்டார் இருக்கிறது. 1838-இல் இயக்குநர்களை ஏற்றிக்கொண்டு மெய்டன்ஹெட் போன எஞ்சின். பிரூனலின் விபரீத அளவுகளுக்குச் செய்யப்பட்ட மற்ற எஞ்சின்கள் காலை வாரியபோது கம்பெனியின் மானத்தைக் காப்பாற்றியது இதுதான். செய்தது யார் தெரியுமா? எதிர்முகாமான குறுகல் பாதைக்காரர் ராபர்ட் ஸ்டீபன்சனின் கம்பெனி. நியூ ஆர்லியன்ஸில் 5 அடி 6 அங்குலப் பாதைக்கென்று செய்தது விலைபோகாமல் நின்றது. அச்சுகளை நீட்டி இங்கே விற்றுவிட்டார்கள். காட்பாடி ஐயாவின் கேஜ்தான் அதன் பிறவிக் கேஜ்!

முதல்முறை போனபோது மாமனாருடன் அதன் எதிரில் நின்று, "நூற்று எண்பது வருடத்துக்கு மேலான இரும்பு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த தன்னார்வலர் பணிவாகக் குறுக்கிட்டு, சில பாகங்கள் மட்டுமே பழையவை, மற்றதெல்லாம் 1925-இல் செய்தது என்றார். அசலை 1871-இல் ஓய்வு கொடுத்துப் பத்திரமாக வைத்திருந்தார்கள். லார்ட் ஆஃப் தி ஐல்ஸ், 1851 உலகக் கண்காட்சியில் நின்ற எஞ்சின், அதுவும் கூடவே இருந்தது. 1906-இல் பட்டறையில் இடம் போதவில்லை என்று இரண்டையும் உடைத்துப்போட்டார்கள். உத்தரவிட்டவர் கம்பெனியின் எஞ்சின் பிரிவுக்கு அப்போது தலைவரான சர்ச்வர்ட், நாம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் அதே சர்ச்வர்ட். முப்பத்தைந்து ஆண்டுகள் கட்டிக்காத்ததை உடைத்துவிட்டு, இருபது ஆண்டுகூட ஆகாமல், ரயில்வே நூற்றாண்டு விழாவுக்கு வேண்டும் என்று ஊரெல்லாம் தேடி உதிரிப் பாகங்களைச் சேகரித்து நகல் செய்திருக்கிறார்கள். கட்டிய பாதையைப் பிடுங்கியதற்காவது கணக்கு வழக்கு என்று ஒரு காரணம் இருந்தது. இதற்கு என்ன இருந்தது?

டிகாஷன்:

ஸ்விண்டன் என்றதும் எனக்கு நினைவு வருவது அந்த ஊர்ச் சிற்றுண்டிச்சாலைதான். எல்லா வண்டியும் பத்து நிமிடம் நின்றே ஆக வேண்டும் என்று 99 ஆண்டுக் குத்தகை. விட்டொழிக்க 1895-இல் ஒரு லட்சம் பவுன் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே கிடைத்த காபியைப் பற்றி பிரூனல் எழுதிய ஒரு கடிதத்தில், உங்களிடம் காபி என்ற பொருள் இருப்பதாகவே நான் நம்பவில்லை என்கிற பாணியில் சாடியிருக்கிறார். சென்ற ஆண்டு நான் அந்த ஊரில் வாங்கிக் குடித்ததும் பிரூனல் குடித்த அதே தூளாகத்தான் இருக்க வேண்டும்.

சோனிங் நடையாளன்:

எல்லாரும் வேகம், சொகுசு என்றே பேசுகிறீர்கள். யாருக்குச் சொகுசு?

ரெடிங்கில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் சோனிங் மலைவெட்டு, ரயில் போக மண்ணைத் தோண்டிய பள்ளம். ஏறத்தாழ இரண்டு மைல் நீளம், சில இடங்களில் 60 அடி ஆழம். மேலே சாலைப் பாலம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை, நல்ல மழைக்குப் பிறகு, அதன் மேல் நின்று கீழே பார்த்தேன். சரிவில் ஈர மண் பளபளத்தது. இன்றைய வண்டிகள் சரேலென்று போய்வந்துகொண்டிருந்தன. என் கண்ணுக்கு அந்த மண்தான் தெரிந்தது.

1841 டிசம்பர் 24, விடியாத காலை. ஹெக்லா என்ற எஞ்சின் சரக்கு வண்டியை இழுத்து வந்தது. எஞ்சினுக்கு அடுத்தபடியாக மூன்றாம் வகுப்பு: பக்கப்பலகை இரண்டடி உயரம்கூட இருக்குமோ இருக்காதோ, கூரையில்லாத திறந்த பெட்டிகள். அதற்குப் பின்னால் கனத்த சரக்கு. நாடாளுமன்றக் கட்டட வேலையிலிருந்து பண்டிகைக்கு ஊர் திரும்பிய கல்தச்சர்கள் பலர் அதில் இருந்தார்கள். மழையில் சரிந்த மண்ணில் எஞ்சின் மோதி நின்றது. பின்னாலிருந்த சரக்கு நிற்கவில்லை. எட்டுப் பேர் அங்கேயே போனார்கள், இன்னொருவர் பிறகு.

விசாரணை ஜூரி அந்த எஞ்சின்மீதும் பெட்டிகள்மீதும் ஆயிரம் பவுன் தண்டம் விதித்தது. உயிரைப் பறித்த பொருளுக்கே தண்டம் போடும் பழைய சட்டம் ஒன்று அப்போதும் இருந்தது. 1844-இல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகுதான் ஏழைகளுக்கும் மூடிய பெட்டி, மைலுக்கு ஒரு பென்னி என்று விதி வந்தது. கரிப்புகை அண்ணா, ஓட்டுநருக்குக் கூரை இல்லை என்று வருந்தினீர்கள். பயணிக்கும் இல்லை, டிக்கெட் வாங்கியிருந்தும்.

பழைய பிளேட்மேன்:

அருமையாக எழுதுகிறீர்கள். ஆனால் பாதையைப் பற்றி யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. என் அனுபவம் சின்னது: டெவனில் ஒரு சிற்றூர் ரயில் நிலைய வேலியில் சாய்ந்து பேண்டில் துரு ஒட்டிக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் வேலிக் கம்பம் பிரூனலின் தண்டவாளம்! கவிழ்த்த 'ப' போன்ற வடிவம், இருபுறமும் பட்டையான விளிம்பு, நடுவே பொள்ளல். விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். இருப்புப்பாதைப் பிரிவில் தலை நரைத்தவன் நான். கண் கலங்கிவிட்டது.

இனிப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். எஞ்சினை விட்டுவிட்டுக் குனிந்து பாருங்கள். நம் ஊர்ப் பாதையில் ஸ்லீப்பர் கட்டை குறுக்கே கிடக்கும். பிரூனல் பாதையில் கனத்த மரம் தண்டவாளத்துக்கு அடியிலேயே நீளவாக்கில் ஓடும், இடைவெளி விட்டு குறுக்குச் சட்டங்கள் அதைப் பிணைக்கும். முதலில் அந்தச் சட்டங்களைத் தரையில் அடித்த முளைகளோடு பிணைத்தார். மண் அமுங்கியது, முளை அமுங்கவில்லை; பாதை மேடும் பள்ளமுமாகிவிட்டது. முளைகளை வெட்டிவிட்ட பிறகுதான் உருப்பட்டது. இந்த நீளமர அமைப்புதான் 1892-இல் கைகொடுத்தது. குறுக்குச் சட்டத்தை அறுத்து, ஒரு பக்கத்துத் தண்டவாளத்தை மரத்தோடு சேர்த்து உள்ளே நகர்த்தினால் வேலை முடிந்தது. மே 20 வெள்ளிக்கிழமையோடு அகலப்பாதை வண்டிகளை நிறுத்தினார்கள். எக்ஸிடருக்கு மேற்கே 171 மைல், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள், சரக்குக் கொட்டகையிலும் கூடாரத்திலும் படுக்கை, குடிக்க ஓட்ஸ் கஞ்சி. திங்கள் காலை புதிய பாதையில் வண்டி ஓடியது. கரிப்புகை கேட்ட "எப்படி மனம் வந்து" என்ற கேள்வியை அந்தக் கஞ்சி குடித்தவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள், கரி ஒட்டும். எஞ்சினுக்கு நீராவி ஏற்றும் நாட்களைப் பார்த்துக்கொண்டு போங்கள். பேடிங்டனில் பிரூனல் சிலை உண்டு. அவர் கட்டிய சால்டாஷ் பாலத்தைத் தவறவிடாதீர்கள், 1859-இல் திறந்தது, இன்றும் அதன்மேல்தான் வண்டி போகிறது. பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸில் இப்போதைய நிலையத்தோடு திரும்பிவிடாமல் பக்கத்திலுள்ள பிரூனலின் பழைய நிலையக் கூடத்தையும் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்குத் தொப்பி, பெரியவர்களுக்கு முட்டிவலித் தைலம்.

கடலோரச் சீட்டு:

தைலம் வரை சொன்னவர் ஸ்டார்கிராஸை விட்டுவிட்டாரே! எக்ஸிடரிலிருந்து கடற்கரையோரமாகப் போகும் வண்டியில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். செம்மண் நிறக் கல்லில் ஒரு கோபுரம் சட்டென்று வந்து போனது. எதிரில் இருந்த பெரியவர், எஞ்சினே இல்லாமல் வண்டி ஓடிய பாதை இது, அந்தப் பம்பு வீடுதான் மிச்சம் என்றார். நடுவில் குழாய், அதற்குள் பிஸ்டன், பம்பு முன்னால் உள்ள காற்றை உறிஞ்ச வண்டி ஓடும். குழாயின் மேல்பிளவை மூடியது கொழுப்புத் தடவிய தோல் பட்டை. 1847 செப்டம்பரில் ஆரம்பித்து அடுத்த செப்டம்பரில் மூடிவிட்டார்கள். தோல் காய்ந்தது, வெடித்தது, காற்று புகுந்தது. கொழுப்புக்காக எலி தோலைத் தின்றது என்று இங்கே முன்பு ஒருவர் எழுதியிருந்தார். எலிமீது பழி போடாதீர்கள், தோலைக் கெடுக்கப் பனியும் வெயிலுமே போதும். அந்தக் குழாயின் துண்டும் டிட்காட்டில்தான் இருக்கிறது.

டெவன் அக்கா:

எல்லாம் நகல், எல்லாம் துண்டு என்று புலம்புகிறவர்களுக்கு: அசல் அகலப்பாதை எஞ்சின் ஒன்று இருக்கிறது. பக்ஃபாஸ்ட்லீயில், பெயர் டைனி, 1868-இல் செய்தது. கொதிகலன் நிமிர்ந்து நிற்கும், சக்கரம் நாலு, நியூட்டன் அபட்டில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்தது. என் பையன் பார்த்துவிட்டு, "எஞ்சின் எங்கே அம்மா?" என்று கேட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

ஸ்விண்டன் மருமகள் கேட்டதற்கு என் பதில் இதுதான்: அழகான இரண்டையும் சும்மா நிறுத்தி வைத்தார்கள், உடைத்தார்கள். இதை 1883-இல் ஓட்டத்திலிருந்து எடுத்ததும் பட்டறையில் நிலையான எஞ்சினாக்கி 1927 வரை வேலை வாங்கினார்கள். பிறகு நடைமேடையில் காட்சிக்கு நிறுத்தினார்கள். பிழைத்துக்கொண்டது. பக்ஃபாஸ்ட்லீ பாதையே 1872-இல் ஏழடியாகப் போட்டதுதான், 1892-இல் குறுக்கினார்கள்.

காட்பாடி ஐயா, அடுத்த முறை வரும்போது மருமகனிடம் சொல்லி இந்தப் பக்கம் வாருங்கள். டாட்னஸ் வரை நீராவி வண்டியிலேயே போகலாம். பிளேட்மேன் ஐயா சொன்ன தைலம் எதற்கும் இருக்கட்டும், பழைய பெட்டிகளில் படி உயரம்.