கோத்தகிரியில் கேமிங் பிசி: நாலு ப்ராசஸர்ல எதை எடுக்கலாம்?

பனிமூட்டம் (கோத்தகிரி):
புதுசா கேமிங் பிசி போடப்போறேன். மானிட்டர் கையில இருக்கு: 1080பி, 144 ஹெர்ட்ஸ். வேலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 தான் அதிகம், அப்பப்போ சைபர்பங்க். கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5060னு முடிவாயிடுச்சு. கோயம்புத்தூர் கடையில கொடுத்த கொட்டேஷன்ல ப்ராசஸருக்கு நாலு சாய்ஸ்: ரைசன் 5 5600ஜி, ரைசன் 5 7600, கோர் ஐ5-12400எஃப், ரைசன் 7 7800எக்ஸ்3டி. கடைக்காரர் 5600ஜி போதும்கிறார். இங்க கரண்ட் அடிக்கடி போகும், ஈரப்பதமும் ஜாஸ்தி. லிக்விட் கூலர் வேணுமா?

சில்லு:
5600ஜி-யை முதல்ல லிஸ்ட்ல இருந்து அடிச்சுடுங்க. அது தனி கார்டு இல்லாதவங்களுக்கான சிப். எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி) 16 எம்பி தான்; பெயர்ல ஜி இல்லாத 5600-லயே 32 எம்பி உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல், 5600ஜி பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டும் ப்ராசஸரும் டேட்டா அனுப்பிக்கிற வழி) 3.0-வோட நின்னுடும். 5060 கார்டு அந்த வழியோட 16 லேன்ல (தடத்துல) 8 மட்டும்தான் பயன்படுத்தும். 3.0-ல 8 லேன்னா 4.0-ல கிடைக்கிறதுல பாதி வேகம். கார்டோட 8 ஜிபி மெமரி நிரம்பாதவரைக்கும் இது தெரியாது. சைபர்பங்க்ல டெக்ஸ்சரை ஏத்தி வெச்சு மெமரி நிரம்பிட்டா, மிச்சத்தை சிஸ்டம் ராம்ல இருந்து அந்தக் குறுகின வழியாத்தான் இழுக்கணும். அப்போதான் விட்டுவிட்டுத் திக்கும்.

7800எக்ஸ்3டி அருமையான சிப், 96 எம்பி எல்3. ஆனா உங்க செட்டுக்கு வீண். சைபர்பங்க்ல கார்டு முதல்ல மூச்சு வாங்கும். வேலோரன்ட்ல எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) எகிறினாலும் மானிட்டர் காட்டப்போறது 144 தான். பெட்டியில கூலரும் வராது, தனியா வாங்கணும்.

மிச்சம் 12400எஃப்பும் 7600-ம். ரெண்டுமே 6 கோர், 12 த்ரெட். 12400எஃப்புக்கு டிடிஆர்4 (முந்தின தலைமுறை ராம்) போர்டு கிடைக்கும், அதனால மொத்தச் செலவு குறையும். பழைய டிடிஆர்4 ராம் கையில இருந்தா யோசிக்காம அதையே எடுக்கலாம். ஆனா அது உட்கார்ற எல்ஜிஏ1700 சாக்கெட் இன்டெலோட 14-ஆம் தலைமுறையோட முடிஞ்சுது. 7600 உட்கார்ற ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரைக்குமாவது ஆதரவு உண்டுன்னு ஏஎம்டி சொல்லியிருக்கு. இன்னொண்ணு, பெயர்ல எஃப் இருக்கற சிப்ல உள்ளேயே கிராஃபிக்ஸ் கிடையாது, 7600-ல சின்னதா ஒண்ணு இருக்கு. கார்டு பழுதாகி வாரண்டிக்குக் கோவை போனா, வர்றவரைக்கும் போர்டோட எச்டிஎம்ஐ-ல கேபிளைச் சொருகி வேலையை ஓட்டலாம். மலையில இருக்கறவங்களுக்கு இது பெரிய விஷயம்.

என் ஓட்டு 7600-க்கு.

வாட்கணக்கு (ஊட்டி):
லிக்விட் கூலர் தேவையே இல்ல. கோத்தகிரி உயரத்துல காத்தோட அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு குறைவு, அதனால ஃபேன் கொஞ்சம் குறைவாத்தான் சூட்டைத் தள்ளும். ஆனா அறை வெப்பமே கோவையைவிடப் பல டிகிரி கம்மி. கணக்கு லாபத்துலதான் முடியும். 7600 கூட வர்ற கூலர் போதும்.

ஈரம் பத்தி: ஓடிட்டிருக்கற மெஷின் அறையைவிடச் சூடா இருக்கும், அதுல நீர் கோக்காது. ஆடி மழையில வாரக்கணக்கா மூடிப் போட்டாத்தான் வம்பு. தினம் கொஞ்ச நேரமாவது ஓட விடுங்க. குளிர்ந்து கிடந்த பிசியை ஹீட்டர் போட்ட அறைக்குக் கொண்டுவந்தா உடனே ஆன் பண்ணாதீங்க, ரெண்டு மூணு மணி நேரம் போகட்டும்.

ப்ராசஸர்ல மிச்சம் பிடிச்ச காசை யுபிஎஸ்ல போடுங்க. 7600 அதிகபட்சம் 88 வாட், 5060 145 வாட், போர்டு, ஃபேன், மானிட்டர் எல்லாம் சேர்த்தா கேம் ஓடும்போது 300 வாட்டை ஒட்டி வரும். 600 விஏ யுபிஎஸ் தர்றது சுமார் 360 வாட். பேட்டரி பழசானதும் கரண்ட் போற நொடியில அதுவும் சேர்ந்து விழுந்துடும். 1000 விஏ எடுங்க. வீட்டு இன்வெர்ட்டர்லதான் ஓட்டப்போறீங்கன்னா அது சைன் வேவ்தானான்னு பாருங்க. ஸ்கொயர் வேவ்ல சில பவர் சப்ளை ரீஸ்டார்ட் ஆகும்.

பனிமூட்டம்:
அப்போ 7600. கடையிலேயே அசெம்பிள் பண்ணி கார்ல ஏத்திக்கலாமா?

சில்லு:
பண்ணலாம், ஆனா கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் கழட்டி அதோட பெட்டியில தனியா கொண்டு வாங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறுற வளைவுகள்ல கார்டு ஆடி ஆடி ஸ்லாட் விரிசல் விடலாம். கேபினெட்டைப் படுக்கப் போடுங்க, போர்டு கீழ்ப்பக்கமா இருக்கட்டும்.

ராம் 16 ஜிபி ரெண்டு குச்சி, டிடிஆர்5-6000 (வேகம்), சிஎல்30 (தாமத அளவு). ப்ராசஸர் பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல போடணும். நாலு குச்சி வேண்டாம், ஏஎம்5-ல வேகம் நல்லா விழும்.

முதல் தடவை ஆன் பண்ணும்போது மெமரி ட்ரெய்னிங் (போர்டு ராமைச் சோதிச்சு செட் பண்ணிக்கிறது) ஓடும். சில நிமிஷம் திரை கருப்பாவே இருக்கும். போர்டு போச்சுன்னு பயந்து பவரைப் பிடுங்காதீங்க. அப்புறம் பயாஸ்ல (போர்டோட செட்டிங் திரையில) எக்ஸ்போவை, அதாவது ராமை அதோட முழு வேகத்துல ஓட்டுற செட்டிங்கை, ஆன் பண்ணணும், இல்லன்னா ராம் 4800-லயோ 5200-லயோதான் ஓடும். ஆன் பண்ணதும் ட்ரெய்னிங் இன்னொரு தடவை ஓடும், அதுக்கும் பொறுமையா இருங்க. பயாஸ் அப்டேட் மட்டும் யுபிஎஸ் வந்த பிறகு வெச்சுக்கோங்க.