கடனை அடைத்துக் கிராமத்துக்கு மருத்துவரைக் கொண்டுவர முடியுமா?

தாமிரபரணியான் (நியூ ஜெர்சி)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் குடும்ப மருத்துவத்தில் ரெசிடென்சியின், அதாவது மருத்துவப் பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சியின், இறுதி ஆண்டில் இருக்கிறாள். அமெரிக்காவிலேயே பிறந்தவள், குடியுரிமை உள்ளவள். மருத்துவக் கல்லூரிக் கடன் வட்டியும் முதலுமாக இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டி நிற்கிறது. மருத்துவர் பற்றாக்குறை என்று அறிவிக்கப்பட்ட பகுதியில் இரண்டு ஆண்டுகள் முழுநேரமாகப் பணிபுரிந்தால், என்.ஹெச்.எஸ்.சி. எனப்படும் தேசிய சுகாதாரப் பணிப்படை கடனை அடைக்க 75,000 டாலர் வரை தருகிறது. முன்பு 50,000 ஆக இருந்த இந்தத் தொகை, அடிப்படைச் சிகிச்சை மருத்துவர்களுக்கு 2024இல் உயர்த்தப்பட்டது. இதை நம்பி அவள் ஆர்கன்சாவில் ஒரு சமூக சுகாதார மையத்தில் சேர நினைக்கிறாள். அவளுடைய அம்மாவுக்கு விருப்பமில்லை, எனக்குத் தெளிவில்லை. இத்திட்டம் ஏழை ஊர்களுக்கு உண்மையிலேயே மருத்துவர்களைச் சேர்க்கிறதா, அல்லது கடனில் தவிக்கும் பிள்ளைகளைக் கட்டிப்போடும் ஏற்பாடா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கணக்குப்பிள்ளை (சிகாகோ)

ஐயா, சேவை மனப்பான்மையைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பார்ப்போம். 75,000 டாலர் உங்கள் மகளின் கடனில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த பொதுச்சேவைக் கடன் தள்ளுபடித் திட்டமோ, இலாப நோக்கற்ற நிறுவனத்தில் வேலை பார்த்தபடியே வருமானத்துக்கேற்ற 120 மாதத் தவணைகளைக் கட்டி முடித்தவருக்கு, எஞ்சிய கடன் முழுவதையும் ரத்து செய்கிறது. அந்தத் தொகைக்கு மத்திய வருமான வரியும் இல்லை. ரெசிடென்சி செய்யும் மருத்துவமனை இலாப நோக்கற்றதாக இருந்தால், குறைந்த சம்பளத்தில் குறைந்த தவணை கட்டிய அந்த மாதங்களும் கணக்கில் சேரும். பாஸ்டனிலோ ஹூஸ்டனிலோ இருக்கும் பெரிய மருத்துவமனைகள் பலவும் இதற்குத் தகுதி பெற்றவையே. கிராமத்துக்குப் போக வேண்டிய தேவை எங்கே வருகிறது?

ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். என்.ஹெச்.எஸ்.சி. பணத்தை முன்கூட்டியே மொத்தமாகக் கொடுத்துவிடுகிறது. ஓராண்டில் விலகினால், பணிபுரியாத காலத்துக்கு வாங்கிய 37,500 டாலரைத் திருப்பித் தர வேண்டும். அதோடு நிற்காது. பணிபுரியாத ஒவ்வொரு மாதத்துக்கும் 7,500 டாலர் தண்டம், அதாவது பன்னிரண்டு மாதத்துக்கு 90,000 டாலர். ஆக 75,000 வாங்கியவர் 1,27,500 டாலரும் அதற்கு மேல் வட்டியும் கட்டுகிறார். மேலாளரோடு ஒத்துப்போகவில்லை, கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது என்பவையெல்லாம் இளம் வயதில் நடக்கக்கூடியவைதாம். இவ்வளவு கடுமையான தண்டத்தைக் காட்டித்தான் ஆளை நிறுத்த முடிகிறது என்றால், அந்த ஊர்களில் வேறு எதுவும் அவர்களை நிறுத்தவில்லை என்றே பொருள்.

வெண்பனி (வடக்கு டகோட்டா)

கணக்குப்பிள்ளை அவர்களே, உங்கள் எண்களில் பிழையில்லை, ஆனால் இரண்டு திட்டங்களையும் எதிரெதிரே நிறுத்தியதில் பிழை இருக்கிறது. சமூக சுகாதார மையங்கள் பெரும்பாலும் இலாப நோக்கற்றவை. ஆகவே என்.ஹெச்.எஸ்.சி. ஒப்பந்தத்தில் அங்கே பணிபுரிபவர், மாதத் தவணையையும் ஒழுங்காகக் கட்டிவந்தால், அதே மாதங்களைப் பொதுச்சேவைத் தள்ளுபடிக்கும் காட்டலாம். அந்தத் தள்ளுபடியும் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. 2017இல் முதல் விண்ணப்பங்கள் வரத் தொடங்கியபோது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அளவில் நிராகரிக்கப்பட்டதை நாம் மறந்துவிடக் கூடாது. பத்து ஆண்டுகள் காத்திருந்து அரசு என்ன சொல்லுமோ என்று பார்ப்பதற்கும், சேர்ந்த தொடக்கத்திலேயே பணம் கைக்கு வருவதற்கும் வேறுபாடு உண்டு.

இன்னொன்று, இந்தப் பேச்சு எப்போதும் மருத்துவர்களைச் சுற்றியே நடக்கிறது. நான் நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது நோயாளிகளைப் பரிசோதித்து மருந்து எழுதித்தரும் உயர்பயிற்சி பெற்ற செவிலியர். என்னைப் போன்றவர்கள், பல் மருத்துவர்கள், பல் சுகாதார வல்லுநர்கள், உளவியலாளர்கள், மருத்துவச் சமூகப் பணியாளர்கள் என்று பலரும் இத்திட்டத்தில் இருக்கிறோம். எங்கள் கடன் மருத்துவர்களுடையதைவிடச் சிறியது என்பதால், எனக்கு முதல் ஒப்பந்தத்திலேயே பெரும்பகுதி தீர்ந்தது, மீதியை ஓராண்டு நீட்டிப்புகளில் அடைத்தேன். கடன் தீர்ந்த பிறகும் இதே ஊரில்தான் இருக்கிறேன்.

அந்தப் பணத்துக்கு அரசு எதை வாங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். என்.ஹெச்.எஸ்.சி. அங்கீகாரம் பெற்ற மையம், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை மறுக்கக் கூடாது, காசில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, வருமானத்துக்கேற்ற கட்டண அட்டவணையை வரவேற்பறையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்க வேண்டும். சென்ற குளிர்காலத்தில் சர்க்கரைக் கிழங்குப் பண்ணையில் வேலை பார்க்கும் ஒருவர் தம் சம்பளச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். அவர் வருமானம் மத்திய அரசின் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்ததால் பெயரளவுக் கட்டணம் மட்டுமே வாங்கினோம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் தீர்ந்துவிடுமே என்று மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டு வந்ததை அதற்குப் பிறகுதான் சொன்னார். அவரைப் பார்க்க அந்த அறையில் ஒருவர் இருந்ததற்கு என் கடன் ஒப்பந்தமே காரணம். இதைக் கட்டிப்போடுதல் என்று எப்படிச் சொல்வது?

டெல்டாக்காரன் (மிசிசிப்பி)

நான் தஞ்சை டெல்டாவில் பிறந்து மிசிசிப்பி டெல்டாவில் மருத்துவம் பார்ப்பவன். இரண்டு இடத்திலும் வயல் உண்டு, மருத்துவர்தாம் போதவில்லை. நான் வந்த வழி வேறு. வெளிநாட்டிலிருந்து பயிற்சிக்கு வருவோருக்கான ஜே-1 விசாவில் ரெசிடென்சி முடித்தவர்கள் இரண்டு ஆண்டு தாய்நாடு திரும்ப வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்குப் பெற, பற்றாக்குறைப் பகுதியில் மூன்று ஆண்டு பணிபுரிய வேண்டும். செனட்டர் கென்ட் கான்ராட் 1994இல் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டில் இன்று மாநிலத்துக்கு ஆண்டுக்கு முப்பது இடங்கள். என்.ஹெச்.எஸ்.சி.யில் சேரக் குடியுரிமை வேண்டும் என்பதால், அந்த வழி எனக்கு இல்லை. ஆனால் எனக்கும் பக்கத்து அறையில் இருந்த அமெரிக்க மருத்துவருக்கும் ஒரே நோயாளிகள், ஒரே பணிச்சுமை. அவருக்குக் கடன் அடைந்தது, எனக்கு விசா கிடைத்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நாங்கள் இருவருமே வேறொன்றுக்காக அங்கே வந்தவர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் மறுப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. என்னிடம் வரும் ஒரு மூதாட்டியின் கோப்பைத் திறந்தால், அடுத்தடுத்து வந்து போன மருத்துவர்களின் கையொப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒருவர் இரத்த அழுத்தத்துக்கு லிசினோபிரில் மாத்திரை தொடங்கியிருக்கிறார், அடுத்தவர் இருமல் வருகிறது என்று நிறுத்தியிருக்கிறார், அதற்கடுத்தவர் அந்தக் குறிப்பைப் படிக்காமல் மீண்டும் தொடங்கியிருக்கிறார். அம்மையார் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “நீங்கள் எவ்வளவு காலம் இருப்பீர்கள்?” என்பதுதான். இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகம் என்று நீளும் நோய்களில் மருத்துவரின் அறிவைப் போலவே பழக்கமும் மருந்தாகிறது. என்.ஹெச்.எஸ்.சி. கடப்பாட்டில் வந்த மருத்துவர்கள், தாமாகவே கிராமத்துக்கு வந்தவர்களைவிட மிக விரைவில் பணியிடத்தை விட்டுச் சென்றார்கள் என்று 1992இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு காட்டியது. பணம் ஆளைக் கொண்டுவருகிறது, தங்கவைப்பதில்லை.

வெண்பனி

டாக்டர் ஐயா, அந்த ஆய்வைச் சொல்லும்போது அது யாரைப் பற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்.ஹெச்.எஸ்.சி. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. கடன் அடைப்பு 1987இல்தான் வந்தது, அதற்கு முன் கல்லூரியில் சேரும்போதே உதவித்தொகை கொடுத்துப் பிற்காலப் பணிக்குக் கையெழுத்து வாங்கும் முறையே பெரிதாக இருந்தது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் அவர்கள்தாம். இருபத்திரண்டு வயதில், எந்தத் துறை, எந்த ஊர், யாரோடு வாழ்க்கை என்று எதுவும் தெரியாமல் கையெழுத்திட்டவர்கள். கடன் அடைப்பிலோ படிப்பும் பயிற்சியும் முடித்தவர், ஊரைப் பார்த்து, மையத்தைப் பார்த்து, வேலையை ஒப்புக்கொண்ட பிறகே விண்ணப்பிக்கிறார். மாநில அரசுகள் நடத்தும் இத்தகைய திட்டங்களை அதே ஆய்வாளர்களில் சிலர் பிற்பாடு ஒப்பிட்டபோது, உதவித்தொகை பெற்றவர்களைவிடக் கடன் அடைப்பில் வந்தவர்கள் ஒப்பந்தத்தை முடிப்பதிலும் தொடர்ந்து தங்குவதிலும் மேலாக இருந்தார்கள். பழைய முறையின் தோல்வியைப் புதிய முறையின் தலையில் ஏற்றுவது சரியில்லை.

மலையடிவாரம் (தருமபுரி மாவட்டம்)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரிகிறேன். தமிழ்நாட்டில் எங்களுக்குக் கடனைக் காட்டுவதில்லை, முதுநிலைப் படிப்பு இடத்தைக் காட்டுகிறார்கள். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலை இடங்களில் தனி ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்டில் உறுதிசெய்தது. மலைப்பகுதி, எளிதில் செல்ல முடியாத பகுதி என்று வகைப்படுத்தப்பட்ட இடங்களில் பணிபுரிந்தால் ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம், அதிகபட்சம் 30 விழுக்காடு வரை, நீட் மதிப்பெண்ணில் ஊக்கம் சேர்க்கவும் விதியில் இடம் இருந்தது. இதனால் எங்கள் ஊர் நிலையங்களுக்கு இளம் மருத்துவர்கள் வருகிறார்கள் என்பது உண்மை. இடம் கிடைத்த மறுநாளே போய்விடுகிறார்கள் என்பதும் உண்மை. இங்கே வந்ததற்கான பரிசே இங்கிருந்து கிளம்பும் வழியாக இருக்கிறது. அந்த வகையில் கடன் அடைப்பு மேல் என்றே எனக்குப் படுகிறது, அது ஊரைவிட்டுப் போகச் சொல்லவாவது இல்லையே.

கணக்குப்பிள்ளை

மலையடிவாரம் அவர்களே, உங்களுக்கு ஒருவர் போனால் அடுத்தவரை அனுப்ப ஓர் அரசு இருக்கிறது. இங்கே பணியிடம் அரசுடையது அன்று, மையம் தானே ஆளைத் தேடிக்கொள்ள வேண்டும். ஆகவே கடன் அடைப்புப் பணம் நிற்கும் நாளில் வரிசையும் நின்றுவிடும். அது நிற்காது என்பதற்கு உறுதி உண்டா? 2010ஆம் ஆண்டு நலவாழ்வுச் சட்டத்தில் தொடங்கிய தனி நிதியிலிருந்துதான் என்.ஹெச்.எஸ்.சி.க்கு ஆண்டுக்கு 31 கோடி டாலர் அளவில் பல ஆண்டுகள் வந்தது. 2021இல் பெருந்தொற்று நிவாரணச் சட்டம் ஒரே தவணையாக 80 கோடி சேர்த்தது. 2023க்குப் பிறகு, நாடாளுமன்றம் அந்த நிதியைச் சில மாதங்கள், மீண்டும் சில மாதங்கள் என்று இழுத்துக்கொண்டிருந்தது. மருத்துவரிடம் இரண்டு ஆண்டு உறுதி கேட்கும் அரசு, தன் பக்கம் இரண்டு ஆண்டுக்கு உறுதி தர மறுக்கிறது.

வெண்பனி அம்மையார் பெருமையாகச் சொன்ன “வேலையை ஒப்புக்கொண்ட பிறகே விண்ணப்பம்” என்பதன் மறுபக்கமும் இதுதான். மருத்துவர் பற்றாக்குறை எவ்வளவு என்பதைக் காட்ட, அடிப்படைச் சிகிச்சையில் ஒவ்வோர் இடத்துக்கும் 0 முதல் 25 வரை மதிப்பெண் வழங்கப்படுகிறது. மதிப்பெண் அதிகமுள்ள மையங்களுக்கே முதலில் பணம் போகும். பெண் ஆர்கன்சாவுக்கு வீடு மாற்றிப் போய், வேலையில் சேர்ந்து, விண்ணப்பித்து, அந்த ஆண்டு நிதி மேலே உள்ள மதிப்பெண்களோடு தீர்ந்துவிட்டால் என்ன செய்வது?

வெண்பனி

அந்த அபாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் பரிந்துரைக்கும் வழி இனி வரும் பிள்ளைகளுக்கு எவ்வளவு திறந்திருக்கும் என்றும் பாருங்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் என்ற, மேற்படிப்புச் செலவு முழுவதற்கும் மத்திய அரசு தந்துவந்த கடன் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்புக்குள் அடங்கிவிடும். மிச்சத்துக்குத் தனியார் வங்கியிடம்தான் போக வேண்டும். பொதுச்சேவைத் தள்ளுபடி தனியார் கடனைத் தொடாது. என்.ஹெச்.எஸ்.சி. பணத்தைத் தகுதியுள்ள தனியார் கல்விக் கடனுக்கும் கட்டலாம். உங்கள் கணக்கு தாமிரபரணியான் மகளுக்குப் பொருந்தும், இன்று கல்லூரியில் சேரும் பிள்ளைக்குப் பொருந்தாது.

டெல்டாக்காரன்

அந்தச் சட்டத்தால் எனக்கு வேறொரு கவலை. கிராமத்தில் வளர்ந்தவர்களே கிராமத்தில் தங்குகிறார்கள் என்பது இந்தத் துறையில் நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி 1974இலேயே சிற்றூர்ப் பிள்ளைகளைத் தேடிச் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கி, அவர்களில் பலர் ஊர்ப்புறத்தில் நிலைத்ததைக் காட்டியது. கடன் வரம்பு இறுகினால் முதலில் கல்லூரி வாசலிலேயே நின்றுவிடப்போவது அந்தப் பிள்ளைகள்தாம். பல்கலைக்குள் நுழைய முடியாதவருக்குப் பின்னால் கடனை அடைத்துத் தருகிறோம் என்பதில் என்ன பயன்? எனக்கு அதிகாரம் இருந்தால் இந்தப் பணத்தில் பாதியை டெல்டாவில் பள்ளி முடிக்கும் மாணவர்களிடம் கொண்டுபோய்ச் செலவிடுவேன்.

வெண்பனி

அந்த மாணவர் பயிற்சி முடித்து வர எப்படியும் பதினோர் ஆண்டுகள் ஆகும். உங்கள் மூதாட்டிக்கு இரத்த அழுத்தம் இன்றைக்கு இருக்கிறது.

தாமிரபரணியான்

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மகளிடம் இவற்றையெல்லாம் படித்துக் காட்டினேன். அந்த மையத்தின் மதிப்பெண் 19 என்கிறாள். டெல்டாக்காரர் ஐயா, பணம் வருமா என்பதை விட்டுவிடுவோம். அவள் தங்கக்கூடிய இடமா என்று கையெழுத்துக்கு முன் எப்படி அறிவது?

டெல்டாக்காரன்

19 மோசமில்லை, ஆனால் எந்த மதிப்பெண்வரை பணம் போகும் என்பது அந்தந்த ஆண்டின் நிதியைப் பொறுத்தது. ஆகவே கடன் அடைப்பு கிடைக்காவிட்டாலும் அந்தச் சம்பளத்தில் இருக்கச் சம்மதமா என்று அவளை முதலில் கேளுங்கள். பிறகு, அவள் அமரப்போகும் அறையில் இதற்கு முன் இருந்தவர் ஏன் போனார், எங்கே போனார் என்று மையத்திடம் கேட்கட்டும், முடிந்தால் அவரிடமே பேசட்டும். ஒருநாள் முழுவதும் அங்கே உட்கார்ந்து, ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார்கள், செவிலியர்கள் எத்தனை காலமாக இருக்கிறார்கள் என்று பார்க்கட்டும். வேலை ஒப்பந்தத்தில், விலகினால் இத்தனை மைல் சுற்றளவுக்குள் மருத்துவம் பார்க்கக் கூடாது என்ற விதி இருந்தால், அதை நீக்காமல் கையெழுத்திட வேண்டாம். சிறிய ஊரில் அந்த விதிக்கு ஊரைவிட்டே போ என்று பொருள். மையத்தோடு ஒத்துவராமல், ஊர் பிடித்திருந்தும், அந்த ஒரு வரியால் மூட்டை கட்டிய நண்பர் எனக்கு உண்டு.

கணக்குப்பிள்ளை

இதில் டாக்டரோடு முழுவதும் உடன்படுகிறேன். கூடவே, என்.ஹெச்.எஸ்.சி. பணம் வந்தாலும் பொதுச்சேவைத் தள்ளுபடிக்கான மாதத் தவணையை ஒரு மாதமும் விடாமல் கட்டிவரச் சொல்லுங்கள். ஆண்டுக்கொருமுறை பணியளிப்பவர் சான்றை வாங்கிப் பதிவு செய்யவும் சொல்லுங்கள். ஒரு திட்டம் கைவிட்டால் மற்றொன்றாவது இருக்கட்டும்.