ஒரு 'ஆர்' விட்டுப்போனா டைப்போவா, ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா?

பழைய புரூஃப்: நேத்து இங்க ஒருத்தர் எந்தப் பக்கத்துலேர்ந்து வர்றோம்னு பிரவுசர் வெப்சைட்டுக்குச் சொல்ற எச்டிடிபி ஹெடர்ல, 'ரெஃபரர்'ங்கிற பேர்ல ஒரு ஆர் விட்டுப்போனதை 'அது சும்மா டைப்போ'ன்னு எழுதிட்டுப் போயிருக்கார், படிச்சதுலேர்ந்து எரிச்சலா இருக்கு. நடுவுல ரெண்டு ஆர் வரணும், ஒண்ணுதான் இருக்கு, 1996ல வந்த எச்டிடிபி ஆவணம் ஆர்எஃப்சி 1945லயும் (1945 ஆவண நம்பர், வருஷம் இல்ல) அப்படியே ஏறி இன்னிக்கும் பிரவுசரெல்லாம் அந்தத் தப்போடதான் அனுப்புது. கை தவறினா டைப்போ. எல்லா இடத்துலயும் அதே மாதிரி எழுதினா ஸ்பெல்லிங் தெரியலன்னு அர்த்தம்.

வெப் வேலன்: அண்ணே, வேகமா அடிக்கும்போது ஒரு ஆர் விட்டுப்போறது யாருக்கும் நடக்கும். எழுதினவர் மண்டைக்குள்ள போய்ப் பாத்தீங்களா?

பழைய புரூஃப்: எதுக்குப் போகணும் தம்பி? 1999ல வந்த ஆர்எஃப்சி 2616ஐப் பாருங்க, 'மிஸ்ஸ்பெல்ட்'னு அதுலயே இருக்கு. டைப்போன்னு போடல.

நெல்லைக்காரி: மிஸ்ஸ்பெல்ட்னா எழுத்து தப்புன்னுதான் வருது, ஏன் தப்பாச்சுன்னு வரல. யுனிக்ஸ் கம்ப்யூட்டர்ல இருக்குற ஸ்பெல் செக்கருக்கு ரெண்டு வடிவமுமே தெரியாதுன்னு, அந்த ஆவணங்களை எழுதினவங்கள்ல ஒருத்தரான ராய் ஃபீல்டிங் அப்பவே சொல்லிட்டார். எழுத்து பிழைன்னு பொதுவா சொல்லிட்டுப் போங்களேன்.

பழைய புரூஃப்: 'எழுத்துப்பிழை'ம்மா. ப் எங்க?

நெல்லைக்காரி: போன்ல அடிச்சேன், விட்டுப்போச்சு.

வெப் வேலன்: அவ்ளோதான்ணே! அவங்க ஒரு ப் விட்டாங்க, அவர் ஒரு ஆர் விட்டார். ரெண்டும் டைப்போ.

பழைய புரூஃப்: போன மாசமும் அவங்க 'எழுத்து பிழை'ன்னுதான் எழுதினாங்க, அதுக்கு முன்னாடியும் அப்படித்தான். நான் 22 வருஷம் அச்சகத்துல புரூஃப் பாத்தவன். ஈய எழுத்துப் பெட்டில ன இருக்குற அறைக்குள்ள ஒரு ண விழுந்து கிடக்கும், கை பாட்டுக்கு எடுத்துக் கோத்துடும், புரூஃப் தாள்ல வட்டம் போட்டுக் காட்டினதும் கோத்தவரே நாக்கைக் கடிச்சுக்குவார். அது அச்சுப்பிழை. 1631ல லண்டன்ல அடிச்ச பைபிள்ல 'நாட்' விட்டுப்போயி விபசாரம் செய்னு வந்துச்சே, 300 பவுண்டு அபராதம், அதுவும் அச்சுப்பிழைதான், கோத்தவருக்கு நாட் தெரியாமலா இருக்கும்? வட்டம் போட்டுக் காட்டின பிறகும் 'சரியாத்தானே இருக்கு'ன்னு கேக்குறது வேற ஜாதி.

நெல்லைக்காரி: என் பழைய பதிவெல்லாம் தோண்டுவீங்களா? என் முதல் சிறுகதை வந்தப்ப கதையைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம சந்திப்பிழை எண்ணினவர்தானே நீங்க.

பழைய புரூஃப்: 14 இருந்துச்சு.

வெப் வேலன்: விஷயத்துக்கு வாங்க. ரெஃபரர்ல எவ்வளவு தகவல் அனுப்பலாம்னு சொல்ற ரெஃபரர் பாலிசி ஹெடர்ல ரெண்டு ஆரும் சரியா இருக்கே, ஸ்பெல்லிங் தெரியாதவங்களா?

பழைய புரூஃப்: அது பல வருஷம் கழிச்சு வேற ஆளுங்க எழுதினது. ஒரு தடவை விட்டா டைப்போ, ஒவ்வொரு தடவையும் விட்டா ஸ்பெல்லிங் மிஸ்டேக். எத்தனை தடவை சொல்றது?

வெப் வேலன்: டைப்போ.

நெல்லைக்காரி: 14 இல்ல, 9. மிச்சம் 5 அந்தப் பத்திரிகைல கோத்தப்ப வந்த அச்சுப்பிழை, என் கைப்பிரதி இன்னும் எங்கிட்ட இருக்கு.