திருமலை மான்கள்: நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

கோட்டைவாசல்:

மானைப் பற்றி நம் திருகோணமலையில் ஆளுக்கொரு கதை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைப்போமே என்று தொடங்குகிறேன். பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோலுக்கு நிற்கும் மான் முதல் காட்டில் கண்ட மரை என்னும் பெரிய மான் வரை எதுவும் சரி. அழகாக இருந்தது என்பதோடு நிறுத்த வேண்டாம். முன்பு எவ்வளவு கண்டீர்கள், இப்போது எப்படி, ஏன் அப்படி என்று நினைக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

முதலில் என் பங்கு. பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் கடை வைத்திருப்பவன் நான். 1624இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை இது. மான்கள் இங்கே எப்படி வந்தன என்பதற்குப் பல கதைகள் உண்டு, அதை விடுவோம். கோணேசர் கோவிலுக்குப் போகிற சனம் வழியில் இறங்கி மானுடன் படம் எடுக்கும். பிஸ்கட்டை மானுக்குக் கொடுத்துவிட்டு உறையை அங்கேயே போட்டுவிட்டுப் போகும். உறையில் உப்பும் சீனியும் ஒட்டியிருப்பதால் மான் அதையும் மெல்லும்.

ஒரு நாள் கடைக்குப் பின்னால் ஒரு பெட்டை மான் செத்துக் கிடந்தது. வயிறு பெருத்திருந்தது, விலா எலும்புகளோ வெளியே தெரிந்தன. மிருக வைத்தியர் வந்து கீறிப் பார்த்தார். முதல் இரைப்பை முழுக்க பொலித்தீன், முறுக்கேறிப் பெரிய பொதியாக. அசைபோடும் பிராணிக்கு அது செரிக்காது, வெளியேயும் போகாது. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் வயிறு நிறைந்தது என்று மான் நினைத்துக்கொள்ளும். புல் முன்னால் இருக்கும்போதே பட்டினியில் சாகும். வைத்தியர் சொந்தக் காசில் பெட்ரோல் அடித்து வந்தவர். காயப்பட்ட மானுக்கு மருந்தும் பல தடவை அவர் கைக்காசுதான்.

கடை, முச்சக்கரவண்டி, ஹோட்டல் என்று இந்த மான்களால் எத்தனையோ பேர் உழைக்கிறோம், நானும்தான். மானுக்கென்று ஒதுக்கிய காசு எங்கே, எவ்வளவு என்று கேட்டால் நம்மில் யாருக்குத் தெரியும்?

மூதூர் மகன்:

அண்ணை, குறை நினைக்காதீர்கள். உங்கள் மான்கள் வாழ்க்கைப்பட்ட இடம் நல்ல இடம். செத்தால் வயிற்றைக் கீறிப் பார்க்கவாவது ஒருவர் வருகிறார். எங்கள் பக்கத்துக் காட்டு மான் செத்தால் காகத்துக்கு மட்டும்தான் தெரியும்.

என் வாப்பா லைசன்ஸ் துவக்கு வைத்திருந்தவர். வயலைக் காக்கக் கொடுத்தது, ஆனால் மானும் விழுந்தது, மறைக்க ஒன்றுமில்லை. அந்தக் காலத்து ஆட்களிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. குட்டியோடு நிற்கும் பெட்டைக்கு வைக்க மாட்டார்கள். தண்ணீர் வற்றிய மாதத்தில் குளக்கரையில் காத்திருந்து சுடுவதை வெட்கக்கேடு என்பார்கள். தோட்டாவும் விலை, எனவே கண்டதற்கெல்லாம் வெடி வைப்பதும் இல்லை. யுத்தம் தொடங்கியபோது துவக்குகளைக் கையளிக்க வேண்டி வந்தது, காட்டுக்குள் போகவும் பயம்.

இப்போது துவக்கே தேவையில்லை. கிளச் வயர் போதும். வெருகல் பக்கத்து வேடர் பழங்குடிப் பெரியவர் ஒருவரோடு தேன் எடுக்கப் போனபோது காட்டினார். செடிகளை வெட்டி நீளமாக வேலி போல அடுக்கியிருந்தார்கள். இடையிடையே மான் நுழையும் அளவுக்குத் திறப்பு, ஒவ்வொரு திறப்பிலும் ஒரு சுருக்கு. ஒன்றில் மரைக்குட்டி. அழுகிவிட்டது. வைத்தவன் திரும்பி வந்து பார்க்கவே இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. தின்பதற்காவது எடுத்திருந்தால் கோபத்தில் பாதி குறைந்திருக்கும். கம்பிக்குப் பெட்டை, கடா, குட்டி என்ற பேதம் இல்லை. சிறுத்தையும் மாட்டும், மேயப்போன மாடும் மாட்டும்.

பெரியவர் கம்பிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொண்டார். அவருடைய தகப்பன் காலத்தில் அந்த ஓடைக்கரையில் மரை, புள்ளிமான், உக்குளான் என்னும் சருகுமான் மூன்றின் அடியையும் ஒரே காலையில் பார்க்கலாமாம். நாங்கள் பார்த்தது பன்றி அடி மட்டும். திரும்பி வந்து அதிகாரிகளுக்கு அறிவித்தோம். 2022, நாடே எரிபொருள் வரிசையில் நின்ற நேரம். ஜீப் இருக்கிறது, டீசல் இல்லை என்றார்கள். பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவ்வளவு பெரிய காட்டை அவ்வளவு சில பேரை வைத்துக் காக்கச் சொன்னால் யாரால் முடியும்?

தம்பலகாமம் வயல்:

மான் குறைந்துவிட்டது என்று எங்கள் ஊரில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். இரவில் யானையும் பன்றியும், பகலில் குரங்கும் மயிலும். மின்வேலி போட்ட கையோடு பராமரிப்புக்கு ஆள் இல்லை. கொடி படர்ந்தால் மின்சாரம் நிலத்துக்கு இறங்கிவிடும், யானைக்கு அது அன்றைக்கே தெரிந்துவிடும்.

2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கும் மயிலும் எண்ணினோமே, நானும் தாளில் எழுதிக் கொடுத்தேன். பயிரைத் தின்னும் விலங்கு என்பதால் எண்ணினார்கள். 2011இல் குளக்கரைகளில் இருந்து யானைகளை எண்ணி 5,879 என்றார்கள். நம் மாவட்டத்து மானுக்கு அப்படி ஓர் எண் சொல்லி நான் கேட்டதில்லை. எண்ணாமல் குறைந்தது, கூடியது என்று எப்படிப் பேசுகிறீர்கள்?

ஸ்காபரோ திருமலையான்:

வயல் அண்ணையின் கேள்விதான் சரியான கேள்வி. கனடாவில் என்னோடு வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரர் ஒவ்வொரு நவம்பரிலும் மான் வேட்டைக்குப் போவார். ஒரு முறை நானும் துவக்கு இல்லாமல் கூடப் போனேன். செம்மஞ்சள் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு குளிரில் விறைத்ததுதான் மிச்சம், மான் வரவில்லை. ஆனால் அவர் எவ்வளவு தாள்வேலை செய்கிறார் என்று பார்த்து அசந்துபோனேன். முதலில் வேட்டைப் பாடநெறி, பரீட்சை. பிறகு லைசன்ஸ், மானுக்கான சீட்டு. சீசன் முடிந்ததும் எத்தனை நாள் போனேன், என்ன கண்டேன், சுட்டேனா என்று ஒன்ராறியோ அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். ஒன்றும் சுடாதவரும் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கையும் பார்த்துத்தான் எந்தப் பகுதியில் எத்தனை சீட்டு கொடுக்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். லைசன்ஸ் காசு மீனுக்கும் காட்டு விலங்குக்கும் மட்டும் செலவழிக்கும் தனிக் கணக்குக்குப் போகிறது.

அமெரிக்காவில் 1937இல் ஒரு சட்டம் வந்தது. துவக்கு, தோட்டா மீதான வரியை அப்படியே காட்டு விலங்குகளுக்கென்று ஒதுக்கியது. நீண்ட துவக்குக்கும் தோட்டாவுக்கும் இன்றும் 11 சதவீதம். அதில் ஒரு கொக்கி உண்டு. வேட்டை லைசன்ஸ் காசை ஒரு மாநிலம் வேறு வேலைக்குத் திருப்பினால் இந்தப் பங்கு கிடைக்காது. 1900 அளவில் அங்கே வெள்ளைவால் மான் சுமார் 5 இலட்சம்தான் மிச்சம் என்கிறார்கள். இன்று 3 கோடி அளவில். காசு மட்டும் காரணமில்லை; இறைச்சியைச் சந்தையில் விற்கத் தடை, காவல், ஓரிடத்து மானைப் பிடித்து இன்னோரிடத்தில் விடுதல் எல்லாம் சேர்ந்தது. இப்போது சில இடங்களில் மான் கூடிப்போய் கார்களில் மோதுகிறது என்பது வேறு கதை.

கோட்டைவாசல்:

தம்பி, 1937 என்றதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. நம் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம்தான். அதே வருடம்! அங்கே சட்டத்தோடு காசுக்கு ஒரு வாய்க்காலும் வெட்டினார்கள். அதைச் செய்யவைத்ததில் வேட்டைக்காரருக்கும் பங்குண்டு. இங்கேயும் அப்படித்தான் தொடங்கியது. வெள்ளைக்காரன் காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் 3,500 யானைகளைக் கொன்றதற்குச் சன்மானம் கொடுத்திருக்கிறார்கள். பிறகு விலங்கே மிஞ்சாது என்று சுட்டவர்களே பயந்துபோய் 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் வைத்தார்கள்.

ஆனால் அமெரிக்க வழி நமக்குச் சரிவராது. அங்கே காசு கொடுக்கிறவன் சட்டப்படி சுடுகிறவன். இங்கே மான் சுடுவது குற்றம், குற்றமாகவே இருக்கட்டும். கிளச் வயருக்கு வரி போட முடியுமா? மானால் சட்டப்படி காசு பார்க்கிறவர்கள் படம் எடுக்க வருகிறவர்களிடம் உழைக்கும் நாங்கள்தான். வாகனத் தரிப்பிடத்தில் சிறு தொகை, ஹோட்டல் அறையில் சிறு தொகை, அதைத் தனிக் கணக்கில் போட்டு வேறெதற்கும் தொடக்கூடாது என்று எழுதிவிட வேண்டும். அந்தக் கொக்கி இல்லாவிட்டால் பிரயோசனமே இல்லை. காசு சேர்ந்ததும் முதலில் விளக்குக் கம்பம்தான் வரும்.

நிலாவெளிப் படகு:

நான் புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போகிறவன். 2003இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். வெளிநாட்டவருக்கு உள்ளூர் ஆட்களைவிடப் பல மடங்கு டிக்கெட். அவர்கள் அதற்குச் சண்டை பிடிப்பது குறைவு. “இந்தக் காசில் இங்கே என்ன செய்கிறார்கள்?” என்று கேட்பார்கள். பவளப்பாறையை மிதிக்கும் கூட்டத்தைக் காட்டிக்கொண்டே நான் என்ன பதில் சொல்வது? இவ்வளவு வந்தது, இவ்வளவு இங்கே செலவானது என்று கரையில் ஒரு பலகை வைத்தால் போதும், கூட்டிக் கேட்டாலும் கொடுப்பார்கள். மானுக்கும் அதைச் செய்யுங்கள், எங்கள் படகுக்காரர்களும் சேருவோம்.

மூதூர் மகன்:

சேருங்கள், ஆனால் நகரத்தில் சேர்த்து நகரத்திலேயே முடித்துவிடாதீர்கள். பாதியாவது காட்டுக்கு வரவேண்டும். பாகிஸ்தானில் மார்க்கோர் என்னும் மலையாட்டை வருடத்துக்குச் சிலது மட்டும் பெரும் தொகைக்குச் சுட விடுகிறார்கள், அந்தக் காசில் 80 சதவீதம் அந்த மலைக் கிராமங்களுக்கு. கிராமத்தவரே காவல் நிற்கிறார்கள். சுடும் பகுதி நமக்கு வேண்டாம். கிராமத்துக்குப் பங்கு என்பதை எடுத்துக்கொள்வோம். கம்பி அவிழ்க்க ட்ரோன் வேண்டாம், அடி பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். வேடர் பிள்ளைகள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் கொடுத்தால் எந்த ஓடையில் யார் சுருக்கு வைக்கிறான் என்று பெயரே தெரியும்.

கோட்டைவாசல்:

பாதியா? முதலில் குப்பைக்கூடைக்கும் வைத்தியருக்கும் வரட்டும், தம்பி. பிறகு பேசுவோம்.

மூதூர் மகன்:

இதைத்தான் நானும் எதிர்பார்த்தேன் அண்ணை.

உப்புவெளி ரீச்சர்:

நீங்கள் இருவரும் இல்லாத காசைப் பிரிப்பதற்கு முன் வயல் ஐயா கேட்டதைச் செய்வோம். என் உயர்தர உயிரியல் மாணவர்களை வைத்து நகர மான்களை எண்ணலாம். ஒரே காலையில், ஒரே நேரத்தில், பகுதி பகுதியாகப் பிரித்து: கடற்கரை, மைதானம், பஸ் நிலையம், கோட்டை. கடா, பெட்டை, குட்டி என்று தனித்தனியாக எழுத வேண்டும். பெட்டைகளுக்குக் குட்டி எத்தனை என்று பார்த்தால்தான் கூட்டம் வளர்கிறதா என்று தெரியும். மொத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. கயிறு சுற்றிய கொம்பு, நொண்டும் கால், தோல் வியாதி இவற்றுக்கும் ஒரு நிரல். ஒவ்வொரு மூன்று மாதமும் அதே இடம், அதே நேரம்.

காட்டில் இந்த முறை வேலை செய்யாது, மான் நிற்காது. அங்கே ஒரே பாதையில் நடந்து புழுக்கையையும் அடியையும் எண்ணுவதுதான் வழி. மூதூர்த் தம்பி, அந்தப் பெரியவர் பிள்ளைகளுக்கு அடி பார்க்கச் சொல்லிக்கொடுப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு சிக்கல். கோட்டைக்குள் ஒரு பகுதி இராணுவ முகாம், அங்கேயும் மான் உண்டு. அனுமதிக்கு யாரிடம் கடிதம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். வயல் ஐயா, நீங்களும் வாருங்கள். ஐந்து நிமிடத்தில் முடியாது, காலைச் சாப்பாடு கோட்டைவாசல் அண்ணையின் செலவு.