லைசென்ஸ் இல்லாத வீட்டுக்காரர் என் காரை ஓட்டி விபத்து, இன்சூரன்ஸ் கிடைக்குமா? அவசரம்

கீழக்கரை_வெள்ளைக்கார்
கார் என் பேர்ல. நேத்து சாயங்காலம் ராம்நாட்ல இருந்து திரும்பும்போது திருப்புல்லாணி விலக்கு கிட்ட எக்ஸ்எல்ல வந்தவர் மேல இடிச்சிருச்சு. ஓட்டுனது என் வீட்டுக்காரர், அவருக்கு லைசென்ஸ் இல்ல. பம்பர், ரேடியேட்டர், லைட் எல்லாம் போச்சு. பம்பர் டு பம்பர் பாலிசிதான். கிளெய்ம் கிடைக்குமா? ஷெட்ல வேலையை ஆரம்பிக்கச் சொல்லவா?

தொண்டிக்கரை
எக்ஸ்எல்ல வந்தவருக்கு என்ன ஆச்சுன்னு எழுதவே இல்லையேம்மா. அடி உண்டா? எஃப்ஐஆர் போட்டாச்சா? லைசென்ஸ் எடுக்கவே இல்லையா, எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) இருக்கா, காலாவதி ஆனதா? ஒவ்வொண்ணுக்கும் பதில் வேற.

உச்சிப்புளி_ஏஜென்ட்
ஷெட்ல ஒரு ஸ்குரூவைக் கூடக் கழட்ட விடாதீங்க. இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கணும். எஃப்ஐஆர் ஆகியிருந்தா மோட்டார் வாகன ஆய்வாளரும் பார்த்து அறிக்கை தரணும்.

சட்டப்புள்ளி
பாலிசியை வாங்குன அன்னைக்கே ஒரு தடவை படிச்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. பம்பர் டு பம்பர்னா தேய்மானம் கழிக்க மாட்டாங்க, அவ்வளவுதான். ஓட்டுறவர்கிட்ட செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கணும்ங்கிற நிபந்தனை அப்படியேதான் இருக்கு. உங்க காரோட சேதத்துக்குப் பைசா வராது. 2007ல லட்சுமி நாராயண் தத் வழக்குல உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாவே சொல்லிருச்சு.

ஏர்வாடி_ரோடு
அக்கா, உங்களுக்கு லைசென்ஸ் இருக்குல்ல? நீங்க ஓட்டினதா எழுதிக் கொடுத்துருங்க. முடிஞ்சுது.

தொண்டிக்கரை
தம்பி, அந்த யோசனையைத் தூக்கிப் போடுங்க. அடிபட்டவர் ஓட்டினவர் முகத்தைப் பார்த்திருப்பார். ஆஸ்பத்திரி ஏஆர்ல (விபத்துப் பதிவேடு) யார் இடிச்சதுன்னு எழுதியிருப்பாங்க. ஈசிஆர்ல கடைக்குக் கடை கேமரா. போலீஸ் மோட்டார் வாகனச் சட்டத்தோட 133வது பிரிவுல யார் ஓட்டினதுன்னு உரிமையாளர்கிட்டதான் கேட்கும். அதுல பொய் எழுதினா சாதாரண விபத்து வழக்கு மோசடி வழக்கா மாறும்.

கீழக்கரை_வெள்ளைக்கார்
மன்னிக்கணும், பதட்டத்துல விட்டுட்டேன். அவர் மீன் விக்கிறவர், கால் முறிவு, ராம்நாடு பெரியாஸ்பத்திரில சேர்த்திருக்கு. எஃப்ஐஆர் போட்டாச்சு. வீட்டுக்காரர் துபாய்ல இருந்து லீவுல வந்தவர், துபாய் லைசென்ஸ் இருக்கு, இந்தியா லைசென்ஸ் இல்ல. நான் பக்கத்து சீட்லதான் இருந்தேன், எனக்கு லைசென்ஸ் இருக்கு.

பாம்பன்_பாலம்
அப்போ கவலையே இல்ல. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்துல இருந்தா போதும்.

சட்டப்புள்ளி
அரைகுறையாத் தெரிஞ்சுக்கிட்டு எழுதாதீங்க. அது எல்எல்ஆர் வச்சிருக்கிறவருக்கு மட்டும். மத்திய மோட்டார் வாகன விதி 3: எல்எல்ஆர் இருக்கணும், முன்னும் பின்னும் 18 சென்டிமீட்டர் சதுரத்துல சிவப்பு எல் எழுத்து இருக்கணும், பக்கத்துல இருக்கிறவர் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்துல உட்காரணும். இங்க முதல் படியே இல்லை.

பாம்பன்_பாலம்
துபாய் லைசென்ஸ் லேசுல கிடைக்கிறதா? அதை வச்சு இங்க ஓட்டக் கூடாதா?

உச்சிப்புளி_ஏஜென்ட்
கஷ்டப்பட்டு வாங்குனதுங்கிறது வேற, இங்க செல்லுமாங்கிறது வேற. சட்டத்தோட 9(3) பிரிவுப்படி, வெளிநாட்டு லைசென்ஸைக் காட்டி மருத்துவச் சான்றோட விண்ணப்பிச்சா ஓட்டிக் காட்டும் தேர்வுல விலக்கு கேட்கலாம். லீவுல வர்ற நம்ம பிள்ளைக முதல் வாரமே ஆர்டிஓ ஆபீஸ்ல செய்ய வேண்டிய வேலை அது. இப்போ எடுத்தாலும் நேத்து நடந்ததுக்கு உதவாது.

பாம்பன்_பாலம்
அந்த விலக்கை எந்த ஆபீஸ்ல மதிக்கிறாங்க? எல்லாரையும் எட்டு போடத்தான் சொல்றாங்க.

சட்டப்புள்ளி
பிரிவு எண்ணைப் போட்டு எழுத்துல கேளுங்க. வாயால கேட்டா அப்படித்தான் சொல்வாங்க.

தொண்டிக்கரை
ஆர்டிஓ பேச்சு தனியா நடக்கட்டும். தங்கச்சி, உங்களுக்குப் பெரிய செலவு ரேடியேட்டர் இல்ல, அந்த மீன்காரரோட இழப்பீடு. வண்டில போய் மீன் விக்கிறவருக்குக் கால் முறிஞ்சா அவருக்கு அன்னாட வருமானம் நின்னு போச்சு. 2004ல சுவரண் சிங் வழக்குத் தீர்ப்புக்கு அப்புறம், லைசென்ஸ் இல்லைங்கிறதுக்காகக் கம்பெனி அடிபட்டவரைக் கைவிட முடியாது. முதல்ல அவருக்குக் கொடுக்கும். அப்புறம் அதே தொகையை உங்ககிட்ட வசூலிக்கும். தனி வழக்குக் கூடப் போட வேண்டாம், இழப்பீடு கொடுக்கச் சொன்ன அதே விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துல நிறைவேற்று மனு போதும். சொத்து ஜப்தி வரைக்கும் போகும்.

உங்க பக்கம் வாதமும் இருக்கு. நிபந்தனை மீறினது விபத்துக்கே காரணமா இருந்துச்சுன்னு கம்பெனிதான் காட்டணும்னு அதே தீர்ப்பு சொல்லுது. பல வருஷம் ஓட்டிப் பழகினவர்னு நிரூபிக்கத் துபாய் லைசென்ஸ் அங்க உதவும். ஜெயிக்கும்னு உறுதி இல்ல, ஆனா சொல்லாம விட்டுறக் கூடாது. அதனால தீர்ப்பாயத்துல இருந்து சம்மன் வந்தா வக்கீல் வச்சு எதிருரை போடுங்க. நீங்க போகாம எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்சத் தீர்ப்பு) ஆயிட்டா பேச வாய்ப்பே போயிடும்.

காருக்குப் பணம் வராதுன்னு கம்பெனிக்குச் சொல்லாம விடுறவங்கதான் அதிகம். அது தப்பு. இன்னைக்கே உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுங்க, ரசீது வாங்குங்க.

உச்சிப்புளி_ஏஜென்ட்
இதையும் சேர்த்துக்கோங்க: மோட்டார் வாகனச் சட்டத்துல 181வது பிரிவு உங்க வீட்டுக்காரருக்கு, லைசென்ஸ் இல்லாம ஓட்டினதுக்காக; 180 உங்களுக்கு, வண்டியைக் கொடுத்ததுக்காக. ரெண்டுக்கும் மூணு மாசம் வரைக்கும் சிறை, இல்ல 5,000 ரூபாய் அபராதம், இல்ல ரெண்டும். மீன்காரருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசுத் திட்டத்துல இலவசம், வார்டுல கேளுங்க. நீங்க ஏதாச்சும் கொடுத்தா வெறும் கையில கொடுக்காம எழுதி வாங்குங்க.

கீழக்கரை_வெள்ளைக்கார்
கம்பெனிக்கு மெயில் போட்டாச்சு, வண்டி அப்படியே நிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தோம். வீட்டுக்காரருக்கு லீவு அடுத்த வாரம் முடியுது. திரும்பிப் போகலாமா?

சட்டப்புள்ளி
இதை முதல்லயே சொல்லியிருக்கணும். எஃப்ஐஆர்ல என்னென்ன பிரிவுன்னு பார்த்துப் போடுங்க.

தொண்டிக்கரை
பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த சட்டம்) 281, 125 மட்டும்னா ஜாமீன்ல விடக்கூடிய பிரிவுகள்தான். ஸ்டேஷன் ஜாமீன் எடுத்து, வக்கீலுக்கு வக்காலத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுக்காம ஃப்ளைட் ஏற வேண்டாம். சம்மனுக்கு வரலைன்னா வாரண்ட். பிரிவு என்ன போட்டிருக்காங்க தங்கச்சி?